‘கூடிய விரைவில்’: பத்து மசோதாக்களும் இரண்டு தீர்ப்புகளும்

அரசிதழில் ஒரு புதிய சட்டம் வெளியாகும்போது தலைப்புக்கு அருகில் வாடிக்கையான வரி ஒன்று இருக்கும். சட்டமன்றம் நிறைவேற்றிய இந்தச் சட்டத்துக்கு ஆளுநர் இன்ன தேதியில் ஒப்புதல் அளித்தார், பொதுத் தகவலுக்காக வெளியிடப்படுகிறது என்று அது சொல்லும். யாரும் நின்று படிக்காத வரி. 2025 ஏப்ரல் 11 அன்று தமிழ்நாடு அரசிதழில் பத்துச் சட்டங்கள் ஆளுநரின் கையெழுத்து இல்லாமலே வெளிவந்தன. கையெழுத்துக்குப் பதிலாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சுட்டப்பட்டிருந்தது. 2023 நவம்பர் 18 அன்றே இவற்றுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

ஏழு மாதம் கழித்து, 2025 நவம்பர் 20 அன்று, அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் ‘கொள்ளும்’ அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்றது. முதலாவதை மாநில உரிமையின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் இரண்டாவதைப் பின்னடைவு என்றார்கள். முதலாவதை நீதிமன்றத்தின் அத்துமீறல் என்றவர்கள் இரண்டாவதை வரவேற்றார்கள். அவரவர் கட்சிக்கு ஏற்றபடி தீர்ப்பைப் படிப்பது எளிது. எந்தத் தீர்ப்பு எந்த இடத்தில் சரி, எங்கே பிசகு என்று பிரித்துப் பார்ப்பதுதான் குடிமகனுக்குப் பயன்.

முதலில் நடந்தது என்ன? 2020 சனவரிக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில் நிறைவேற்றப்பட்ட 12 மசோதாக்கள் ராஜ்பவனில் கிடப்பில் கிடந்தன. பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் தொடர்பானவை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றுவது அவற்றின் மையம். 2023 அக்டோபர் 31 அன்று தமிழக அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. நவம்பர் 10 அன்று நீதிமன்றம் தாமதம் குறித்துக் கவலை தெரிவித்தது. மூன்றே நாளில், நவம்பர் 13 அன்று, ஆளுநர் ஆர்.என். ரவி பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைப்பதாகத் தெரிவித்துத் திருப்பி அனுப்பினார். மற்ற இரண்டும் குடியரசுத் தலைவருக்குப் போயின. நவம்பர் 18, சனிக்கிழமை, சிறப்புக் கூட்டம் கூட்டிப் பேரவை அந்தப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் வெளிநடப்பு செய்தன. நவம்பர் 28 அன்று ஆளுநர் அந்தப் பத்தையும் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கினார். அங்கே ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது, ஏழு மறுக்கப்பட்டன, இரண்டின் மீது முடிவு வரவில்லை.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப்போகும் தகவல் ஒன்று உண்டு. அந்த மசோதாக்களில் இரண்டு 2020ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கால்நடை, மீன்வளப் பல்கலைக்கழகங்கள் பற்றியவை, அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை. ரவி பொறுப்பேற்றதோ 2021 செப்டம்பர் 18. அதாவது கோப்பைக் கிடப்பில் போடும் பழக்கம் ஒரு ஆளுநரோடு வந்ததல்ல. தி.மு.க. அரசோடு மட்டும் நடந்த சண்டையும் அல்ல. ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு என்ற அண்ணாவின் கேள்வியோடு முடித்துக்கொண்டால் கைத்தட்டல் கிடைக்கும். பதவி இருக்கும்வரை அதன் கையிலிருக்கும் பேனாவை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அந்தப் பேனாவின் எல்லையைச் சொல்வது அரசியல் சட்டத்தின் 200ஆவது பிரிவு. மசோதா வந்ததும் ஆளுநர் ஒப்புதல் அளிக்கலாம், ஒப்புதலை நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம். நிதி மசோதா அல்லாததைத் தம் கருத்தோடு பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம். இதை ‘கூடிய விரைவில்’ செய்ய வேண்டும். பேரவை திருத்தியோ திருத்தாமலோ மீண்டும் நிறைவேற்றினால் அதன்பின் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. எத்தனை நாள் என்ற எண் மட்டும் எங்கும் இல்லை.

2025 ஏப்ரல் 8 அன்று வந்த முதல் தீர்ப்பை எழுதியவர்கள் நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலாவும் ஆர். மகாதேவனும். அதன் வலுவான பகுதி, ஆளுநரின் செயல்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த இடம். ‘நான் மறுபரிசீலனைக்குத் திருப்பவில்லை, ஒப்புதலை நிறுத்திவைத்தேன், அவ்வளவுதான்’ என்பது ஆளுநர் தரப்பு வாதம். அப்படியானால் மசோதா அங்கேயே செத்துவிட்டது என்று பொருள். செத்த மசோதாவைப் பதினைந்து நாள் கழித்துக் குடியரசுத் தலைவருக்கு எப்படி அனுப்பினார்? உயிரோடு இருந்தது என்றால், பேரவை மீண்டும் நிறைவேற்றியபின் ஒப்புதல் தருவதுதான் விதி. இரண்டு வழியிலும் ஆளுநரின் செயல் நிற்கவில்லை. காரணம் சொல்லாமல் மசோதாவை முடக்கும் ரத்து அதிகாரம் ஆளுநருக்கு இல்லை என்ற முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாதது. பஞ்சாப் ஆளுநர் தொடர்பான வழக்கில் 2023 நவம்பர் 10 அன்றே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

தீர்ப்பு தடுமாறியது பரிகாரத்தில். மூன்று மாதம், ஒரு மாதம் என்று ஆளுநருக்கும், மூன்று மாதம் என்று குடியரசுத் தலைவருக்கும் கெடு விதித்தது. அதோடு நிற்காமல், முழுமையான நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, பத்து மசோதாக்களுக்கும் தானே ஒப்புதலை அளித்ததுபோல அறிவித்தது. அரசியல் சட்டத்தின் பொருளைப் பற்றிய கனமான கேள்விகளைக் குறைந்தது ஐந்து நீதிபதிகள் விசாரிக்க வேண்டும் என்கிறது 145(3). இங்கே இரண்டு பேர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயுள் தண்டனைக் கைதி பேரறிவாளன் வழக்கில் தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் செய்த விடுதலைப் பரிந்துரை ஆளுநரிடம் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2022 மே 18 அன்று நீதிமன்றம் அதே 142ஆவது பிரிவைக் கொண்டுதான் அவரை விடுவித்தது. இன்னொரு முறை ஆளுநரிடமே அனுப்பி என்ன பயன் என்ற அலுப்பு புரிகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே ஒரு மனிதனின் விடுதலை. இங்கே எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம். வேலை செய்யாத அதிகாரியை வேலை செய்யவைப்பது நீதிமன்றத்தின் பணி. அவர் நாற்காலியில் தானே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது வேறு.

ஏப்ரல் தீர்ப்பைத் தொடர்ந்து 2025 மே 13 அன்று குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். அன்றைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு நவம்பர் 20 அன்று கருத்துரைத்தது. கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ள முடியாது. அதே சமயம், காரணம் சொல்லாமல், முடிவின்றித் தாமதம் நீண்டால், முடிவெடுக்கும்படி ஆளுநருக்கு வரையறுக்கப்பட்ட உத்தரவை நீதிமன்றம் இடலாம். மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கும் வழி ஆளுநருக்குக் கிடையாது. மாநிலங்களுக்குத் தோல்வி என்று பேசப்பட்ட கருத்துரைக்குள் இந்த வாசகம் இருக்கிறது. 2023 நவம்பர் 13 அன்று ராஜ்பவன் செய்ததை இனி எந்த ஆளுநரும் செய்ய முடியாது.

ஆனால் இன்னொரு இடத்தில் கருத்துரை சறுக்கியது. ஒப்புதல், திருப்புதல், ஒதுக்குதல் ஆகியவற்றில் எதைத் தேர்வது என்பதில் அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தாது, அது அவரது விருப்புரிமை என்றது. இங்கேதான் 1949ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அரசியல் நிர்ணய சபை அந்த ஆண்டு இரண்டு சொற்களை அழித்தது. குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, வரைவில் ஆறு வாரக் கெடு இருந்தது. அதை எடுத்துவிட்டு ‘கூடிய விரைவில்’ என்று மாற்றினார்கள். ஆளுநர் பற்றிய வரைவுப் பிரிவில் ‘தம் விருப்புரிமைப்படி’ என்ற சொல் இருந்தது. அதுவும் நீக்கப்பட்டது. பொறுப்பாட்சி நடக்கும் இடத்தில் ஆளுநரின் விருப்புரிமைக்கு இடமில்லை என்று அம்பேத்கர் அதற்குக் காரணம் சொன்னார். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் பிரிட்டிஷ் ஆளுநருக்கு இருந்த அதிகாரத்தைத் தெரிந்தே வெட்டிய வெட்டு அது.

இந்த இரண்டு அழிப்புகளையும் உரைகல்லாக வைத்தால் இரண்டு தீர்ப்புகளின் தரமும் தெரிந்துவிடும். ஏப்ரல் தீர்ப்பு ‘விருப்புரிமை’ அழிக்கப்பட்டதை மதித்தது. எண் அழிக்கப்பட்டதை மதிக்காமல் தானே எண்ணை எழுதியது. நவம்பர் கருத்துரை எண் அழிக்கப்பட்டதை மதித்தது. அழிக்கப்பட்ட விருப்புரிமையைத் திரும்ப எழுதிக்கொண்டது. ஆளுக்கொரு அழிப்பை மதித்தார்கள். இரண்டையும் சேர்த்து மதித்த தீர்ப்பு இன்னும் வரவில்லை.

நவம்பர் கருத்துரையின் பலவீனம் இன்னொன்றும் உண்டு. தாமதமானால் நீதிமன்றம் வாருங்கள் என்கிறது. தமிழக அரசின் வழக்கு தாக்கலானது 2023 அக்டோபர் 31, தீர்ப்பு வந்தது 2025 ஏப்ரல் 8. பதினேழு மாதத்துக்கு மேல். தாமதத்துக்கு மருந்தாகச் சொல்லப்படுவதே ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு வழக்கு, ஒவ்வொரு வழக்கிலும் ‘நியாயமான காலம்’ எது என்ற விவாதம் என்றால், ஐந்தாண்டு ஆயுள் கொண்ட சட்டமன்றத்துக்கு அது கட்டுப்படியாகாது.

இனி பேரவையையும் தராசில் வைக்க வேண்டும். துணைவேந்தர் நியமனம் பற்றிய முக்கிய மசோதாவை உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி பேரவையில் அறிமுகம் செய்தது 2022 ஏப்ரல் 25. ஆளுநர் ஊட்டியில் துணைவேந்தர்கள் மாநாட்டைத் தொடங்கிய அதே நாள். அன்றைக்கே மசோதா நிறைவேறியும்விட்டது. பிரதமரின் சொந்த மாநிலமான குஜராத்தில் மாநில அரசுதானே துணைவேந்தரை நியமிக்கிறது என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கேட்டார். அரசியல் மேடைக்குப் பொருத்தமான கேள்வி. ஆனால் அதற்கு ஏறக்குறைய ஏழு வாரம் முன்பு, மார்ச் 3 அன்று, அதே குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்கு முரணானது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது.

எதிர்வரும் சட்டச் சிக்கல் கண்ணெதிரே இருந்தது. மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பி, மானியக் குழு விதிகளோடு மோதாதபடி சொற்களைச் செதுக்கியிருக்கலாம். துணைவேந்தர்களை, பேராசிரியர் சங்கங்களை அழைத்துக் கேட்டிருக்கலாம். ஒரே நாளில் முடித்துக்கொண்டார்கள். விளைவு, 2025 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு, மானியக் குழு விதிகளோடு முரண்பாடு என்ற வாதத்தை ஏற்று, நியமன அதிகாரத்தை மாற்றும் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றத்தின் பேனாவால் உயிர்பெற்ற சட்டம் ஆறு வாரத்தில் உயர் நீதிமன்றத்தில் முடங்கியது. அந்தத் தடை சரியா தவறா என்பது தனி வாதம். தடை கேட்பதற்கு இடம் வைத்துச் சட்டம் எழுதியது பேரவை.

இதற்கிடையில் பல்கலைக்கழகங்கள்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நாற்காலி 2023 ஆகஸ்டில் காலியானது. ஏப்ரல் தீர்ப்பு வந்தபோதும் காலி, நவம்பர் கருத்துரை வந்தபோதும் காலி. 1857இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தை ஒருங்கிணைப்புக் குழு நடத்தியது. தேடுதல் குழுவில் மானியக் குழுவின் பிரதிநிதி இருக்க வேண்டும் என்று ஆளுநரும், வேண்டாம் என்று அரசும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நியமிக்கும் உரிமை யாருக்கு என்று இரண்டு தரப்பும் வாதாடிய காலம் முழுவதும் யாரும் நியமிக்கப்படவில்லை.

ஆக, என் முடிவு இது. ரத்து அதிகாரம் ஆளுநருக்கு இல்லை என்பதில் இரண்டு தீர்ப்புகளும் ஒன்றுபடுகின்றன, அது நிலைக்க வேண்டும். ஒப்புதலை நீதிமன்றமே அளிக்க முடியாது என்பதில் நவம்பர் அமர்வு சரி. ஆளுநருக்கு விருப்புரிமை இல்லை என்பதில் ஏப்ரல் அமர்வு சரி. கெடு விஷயத்தில் இரண்டுமே நம்மைக் கரை சேர்க்கவில்லை, சேர்க்கவும் முடியாது. சட்டத்தில் இல்லாத எண்ணை எழுதும் உரிமை நாடாளுமன்றத்துக்கே உண்டு.

அதை எழுதுவது பெரிய காரியமும் அல்ல. 200ஆவது பிரிவைத் திருத்த மாநிலங்களில் பாதியின் இசைவு தேவையில்லை. இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை போதும். குடியரசுத் தலைவருக்கு நான்கு மாதம் என்ற யோசனையை, ஒன்றிய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் 1988இலேயே வைத்தது. ஆளுநருக்கு ஆறு மாதம் என்று பூஞ்சி ஆணையம் 2010இல் சொன்னது. அந்த இடைவெளியில் டெல்லியில் காங்கிரஸ் ஆண்டது, ஐக்கிய முன்னணி ஆண்டது, பா.ஜ.க. ஆண்டது. தி.மு.க. 1996க்கும் 2013க்கும் இடையில் பெரும்பகுதி காலம் ஒன்றிய அமைச்சரவையில் இருந்தது. அ.தி.மு.க.வும் 1998இல் இருந்தது. திருத்தம் மட்டும் வரவில்லை. மாநிலத்தில் இருக்கும்போது உறைக்கும் வலி, டெல்லியில் நாற்காலி கிடைத்ததும் ஆறிவிடுகிறது.

அடுத்த முறை நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒன்று கேளுங்கள்: 200ஆவது பிரிவில் ‘கூடிய விரைவில்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எத்தனை நாள் என்று எழுத, தனிநபர் மசோதாவாவது கொண்டுவருவீர்களா? சட்டமன்றத் தேர்தலுக்கு வருகிறவரிடம் இன்னொன்று கேளுங்கள்: அறிமுகமான அன்றே ஒரு மசோதாவை நிறைவேற்ற இனி கை தூக்குவீர்களா?