பதற்றம் மனசுல மட்டுமா?

இசபெல் மென்சீஸ் 1960-இல் வெளியிட்ட லண்டன் மருத்துவமனை ஆய்வு இப்போ படிச்சாலும் பழசா தெரியல. நர்ஸ் எந்த நோயாளியோடும் ஒட்டிவிடாதபடி வேலையைத் துண்டு துண்டாக்கி, அடிக்கடி வார்டு மாற்றினார்கள். நோயும் சாவும் தரும் பதற்றத்துக்குத் தடுப்பாக உருவான ஏற்பாடே பதற்றத்தைக் கூட்டியது என்கிறார்.

சரிதான். ஆனா வேலை நிரந்தரமா என்ற பயம் அவர் வாதத்துக்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் 2015-இல் தேர்வெழுதி வந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட உட்கார்ந்தார்கள்.

ஓசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் தொழிலாளி கஷ்டம் என்றால் யாருக்கும் புரியும். ஜி.ஹெச்.சில் நைட் டூட்டி பார்க்கும் காண்ட்ராக்ட் நர்ஸிடம் மட்டும் 'சேவை மனப்பான்மை' பேசுவோம். யோகா வகுப்பு அப்புறம் இருக்கட்டும். முதல்ல நிரந்தர ஆணையைக் கொடுங்க.