கடைசியாகத் திறந்தது

விண்டோஸ் நோட்பேடுக்கு வயசு 1985-லிருந்து. 'சமீபத்தில் திறந்த ஃபைல்கள்' என்று ஒரு பட்டியல் காட்ட அதற்கு 2025 வரை ஆகிவிட்டது. விம் எடிட்டர்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஒற்றை மேற்கோள், பூஜ்யம் என்று இரண்டே தட்டல். போன தடவை விட்ட ஃபைல், விட்ட வரியிலேயே திறக்கும்.

வீட்டில் சௌகரியம்தான். ஒரகடம் பக்கம் வாருங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் செய்ய ஆரம்பித்த பிறகு, அந்த வட்டாரத்தில் உதிரிபாகப் பட்டறைகள் பெருகின. சிஎன்சி மெஷினுக்குக் கொடுக்கும் ப்ரோகிராம் பெரும்பாலும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடிலேயே திருத்தலாம். மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே லாகின் என்று வையுங்கள். முன் ஷிஃப்ட் ஆசாமி ஒரு சந்தேகத்துக்குப் பழைய ரிவிஷனைத் திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், உங்கள் பட்டியலின் உச்சியில் அதுதான் உட்கார்ந்திருக்கும். பென் டிரைவ் இன்னும் விசேஷம். பட்டியலுக்குத் தெரிந்தது டிரைவ் எழுத்தும் ஃபைல் பெயரும் மட்டும். வேறு பென் டிரைவில் அதே பெயர் இருந்தாலும் சாதுவாகத் திறந்துவிடும். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் டூல் உடையும், ஜாப் ஸ்க்ராப். அப்புறம் மேனேஜர் யாரைக் கூப்பிடுவார், சொல்லுங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் திருத்திய தேதியையும் காட்டினால் என்ன குறைந்துவிடும்? எடிட்டர் எழுதும் மகானுபாவர்கள் ஒரு நைட் ஷிஃப்ட் வந்து பார்க்கலாம். டீ இலவசம்.