உடப்புசல்லாவையிலிருந்து கெம்பஸுக்கு: கேமிங் லெப்டொப்பா, டெஸ்க்டொப்பா?

உடப்புசல்லாவைக் குளிரில் எந்தக் கேமிங் லெப்டொப்பும் நல்ல லெப்டொப்பாகத்தான் தெரியும். சாயங்காலமே மூடுபனி லயத்து வாசலுக்கு இறங்கிவிடும் ஊரில், மணிக்கணக்கில் விளையாடினாலும் கீபோர்ட் கையைச் சுடாது. காற்றாடிச் சத்தம் தகரத்தில் விழும் மழைக்குள் அடங்கிப்போகும். அதே லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ, ஒலுவிலுக்கோ போனால் நிலைமை மாறும். லெப்டொப் தன் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. அறை பதினைந்து பாகை கூடினால் உள்ளே இருக்கும் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். இங்கே 75 பாகையில் நிம்மதியாக ஓடியது அங்கே 90ஐத் தொடும். அதற்கு மேல் போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஏ.எல். முடித்து, இசட் புள்ளி வந்து, கெம்பஸ் உறுதியான பிள்ளைகளின் வீட்டில் கேட்கப்படும் கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்தக் கிராபிக்ஸ் கார்ட் என்பது அப்புறம். வாங்கும் மெஷின் எந்த அறையில், எந்தக் கரண்டில், எத்தனை தடவை இடம் மாறி வேலை செய்யப்போகிறது என்பதுதான் முதல் கணக்கு.

நான் ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தவை இரண்டு. ஒன்று ஆசுஸ் டஃப் கேமிங் ஏ15, ஆர்டிஎக்ஸ் 4050 உள்ளது. மற்றது கடையில் பாகம் பாகமாகப் பூட்டிய டெஸ்க்டொப்: ரைசன் 5 5600 புரொசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட், 24 அங்குல மொனிட்டர், கூடவே 650 விஏ யுபிஎஸ். இரண்டையும் லயத்துக் காம்பரா ஒன்றில் வைத்து, கெம்பஸ் பிள்ளை செய்யக்கூடிய வேலைகளைக் கொடுத்தேன். சொலிட்வர்க்ஸில் ஒரு இயந்திரப் பாகம் வரைவது, பிளெண்டரில் ஒரு காட்சியை ரெண்டர் செய்வது, பைதனில் ஒரு சின்ன மொடலைப் பயிற்றுவிப்பது, இடையில் கொஞ்சம் விளையாட்டு.

வேகத்தில் டெஸ்க்டொப் முந்தியது. ஆனால் படிப்புக்கு அதைப் பெரிய இடைவெளி என்று சொல்ல மாட்டேன். இடைவெளி நன்றாகத் தெரிந்தது நினைவகத்தில். 3060இல் 12 ஜிபி இருக்கிறது, லெப்டொப்பின் 4050இல் 6 ஜிபிதான். இயந்திரக் கற்றல் படிக்கப்போகும் பிள்ளைக்கு இது முக்கியம். 6 ஜிபிக்குள் அடங்காத மொடலை, எவ்வளவு வேகமான சிப்பாக இருந்தாலும் கிராபிக்ஸ் கார்டில் அப்படியே ஓட்ட முடியாது. கூகுள் கொலாபில் ஓட்டலாம்தான், அதற்கு நல்ல இணையம் வேண்டும்.

கடைக்காரர்கள் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். லெப்டொப்பில் எழுதியிருக்கும் கார்ட் எண்ணும் டெஸ்க்டொப் கார்டின் எண்ணும் எப்போதும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. 4060இல் இரண்டுக்கும் 3072 கூடா கோர்கள். 4070க்கு வந்தால் டெஸ்க்டொப் கார்டில் 5888 கோரும் 12 ஜிபியும், லெப்டொப்பில் 4608 கோரும் 8 ஜிபியும். அதோடு, லெப்டொப் 4050க்கு 35 வாட்ஸிலிருந்து 115 வாட்ஸ் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லெப்டொப் செய்யும் கம்பனிதான் தீர்மானிக்கிறது. மெல்லிசாக, அழகாக இருக்கும் ஒன்றில் அதே கார்ட் பாதி வேகத்தில் ஓடலாம். விலைச்சீட்டில் இந்த வாட்ஸ் இருக்காது. கேட்டு வாங்குங்கள்.

இனிக் கரண்ட். மலையகத்தில் இதைப் பற்றிப் பேசாமல் கணினி பற்றிப் பேச முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரே நேரத்தில் நாடே இருண்டது. அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் பல இடங்களில் பாதையும் இல்லை, கரண்டும் இல்லை. இவை பெரிய நாட்கள். சாதாரண நாட்களிலும் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தாண்டி இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுவதுதான் நம் வீடுகளின் வழக்கம். அது சரியான வழக்கம்தான்.

பிளக்கைக் கழற்றிய அந்த நொடியில் இரண்டு இயந்திரமும் தங்கள் குணத்தைக் காட்டின. டெஸ்க்டொப்பில் ரெண்டர் ஓடும்போது மொனிட்டரோடு சேர்த்து 300 வாட்ஸ் அளவு இழுக்கும். 650 விஏ யுபிஎஸ் அதைத் தாங்குவது சில நிமிடம், சேவ் செய்து மூட மட்டுமே போதும். யுபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டொப் வாங்குவதை நினைக்கவே வேண்டாம். டஃப் ஏ15இல் இருப்பது 90 வாட் அவர் பெட்டரி. நோட்ஸ் எழுதுவது, பிடிஎஃப் படிப்பது, கோட் எழுதுவது என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து அரை நாள் ஓட்டலாம். பெட்டரியில் விளையாடினால் ஒரு மணி நேரம் தாண்டுவதே கஷ்டம், வேகமும் இறங்கிவிடும். எனக்கு அது குறையாகப் படவில்லை. கரண்ட் இல்லாத இரவில் நாளைக்குக் கொடுக்க வேண்டிய அசைன்மென்டை முடிக்க முடிவதுதான் வேண்டும், அது முடிகிறது. இதே விலையில் 50, 60 வாட் அவர் பெட்டரியோடு வருபவையும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைக்கு அவற்றைச் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை.

பில்லையும் பாருங்கள். வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஓர் அட்டவணை. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை. பல்பு, டீவி, அயன் மட்டும் உள்ள லய வீடு அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கப் பார்க்கும். டெஸ்க்டொப் சாதாரண வேலைக்கு 100 வாட்ஸ் என்று வைத்தாலும் தினம் நான்கு மணி நேரத்துக்கு மாதம் 12 யூனிட். அதையே விளையாட்டாகவோ ரெண்டராகவோ ஓட்டினால் 36 யூனிட். லெப்டொப் சாதாரண வேலைக்கு 4 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். போடிங்கில் வீட்டுக்காரர் கரண்டுக்குத் தனியாகக் காசு கேட்கும்போதும் இந்தக் கணக்குதான் வரும்.

பிளக் பொயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று வயர்மென் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. பழைய லயங்களில் மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளையில் வயரே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் டெஸ்க்டொப்பின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுரீர் என்று ஏறும். ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் இல்லாத காம்பராவில் டெஸ்க்டொப் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் நடமாடும் வீடு.

விறகடுப்புப் புகையும் ஈரமும் இரண்டுக்கும் பகை. டெஸ்க்டொப்பைத் திறந்து துடைக்கலாம், ரெம்மைக் கழற்றி மாட்டலாம். பவர் சப்ளை போனால் நுவரெலியாவிலோ பதுளையிலோ இன்னொன்று வாங்கி அன்றைக்கே பூட்டலாம். லெப்டொப்பின் உள்ளே கரி படிந்தால் தெரிந்தவர் கையில் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். மதர்போர்ட் போனால் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பழுதுபார்க்கும் விஷயத்தில் டெஸ்க்டொப்புக்கு நிகரே இல்லை. லெப்டொப் வாங்குகிறவர்கள் அதை அடுப்படிக்குத் தூரமாக வைப்பதோடு, இறக்குமதி செய்த கம்பனியின் வாரண்டியா, கடைக்காரர் தரும் வாரண்டியா என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

டெஸ்க்டொப் தோற்கும் இடம் பஸ்தான். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சின்னக் கோச்சி ஓடியது. 1940களில் அது நின்றுபோனது. இன்று பிள்ளை இராகலை, கந்தப்பளை வளைவெல்லாம் பஸ்ஸில் கடந்து, நுவரெலியாவில் மாறி, இறம்பொடை வழியாகக் கண்டிப் பக்கம் இறங்க வேண்டும். மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பயணம் ஒரு தடவை போகலாம். ஆனால் கெம்பஸ் வாழ்க்கை ஒரே அறையில் முடிவதில்லை. முதல் ஆண்டு ஹொஸ்டல், பிறகு போடிங், பிறகு வேறு போடிங், நடுவில் பயிற்சிக்குக் கொழும்பு. டஃப் ஏ15 2.2 கிலோ, சார்ஜரோடு மூன்று கிலோவை நெருங்கும், தினமும் விரிவுரைக்குத் தூக்க அது பாரம்தான். சின்ன யுஎஸ்பி-சி சார்ஜராலும் சார்ஜ் ஏறும் என்பதால் செங்கல் போன்ற பெரிய சார்ஜரை அறையிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

தெரிந்த ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். "தம்பி, இது கேம் விளையாடுற சாமான்தானே? படிக்கிற புள்ளைக்கி எதுக்கு?" அவர் கேட்டது நியாயம். பொறியியலோ, கட்டடக்கலையோ, கணினி விஞ்ஞானமோ படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கார்ட் வேலைக் கருவி. முகாமைத்துவம், கலை, விஞ்ஞானம் என்றால் பெரும்பாலும் தேவையில்லை, சாதாரண லெப்டொப் போதும்.

ஏனென்றால் காசு சின்னக் காசு இல்லை. 4050 உள்ள லெப்டொப் மூன்று லட்சத்தை ஒட்டியும் தாண்டியும் விற்கிறது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அந்தச் சம்பளத்தில் மூன்று லட்சம் என்பது 222 நாள் பேர். அம்மா மழையில் கொழுந்து பறித்த 222 நாள். 2025இல் 7500 ரூபாயாக இருந்த மகாபொலவை வைத்துக் கணக்குப் பார்த்தாலும் நாற்பது மாதக் காசு. இதை நகை அடகு வைத்து, சீட்டை முன்கூட்டியே எடுத்து அவசரமாக வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அதனால் என் முடிவு இப்படி. கணினியோ பொறியியலோ உறுதியாகி, கையில் காசும் இருந்தால் பெரிய பெட்டரி உள்ள 4050 லெப்டொப். ரெம் இரண்டு ஸ்லொட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இப்போது 16 ஜிபியோடு வாங்கி, தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாம். காசு முட்டினால், பாவித்த திங்க்பேடோ லெட்டிட்யூடோ ஒன்றை வாங்கிக்கொண்டு முதலாம் ஆண்டைக் கடந்துவிடலாம். பேராதனையில் பொறியியல் துறை பிரிவதே முதலாம் ஆண்டுக்குப் பிறகுதான். சிவில் கிடைத்தவருக்கும் கம்பியூட்டர் கிடைத்தவருக்கும் ஒரே மெஷின் வேண்டியதில்லை, கெம்பஸ் லேபும் இருக்கிறது. வீட்டில் ஏ.எல். தகவல் தொழில்நுட்பம் படிக்கும் தம்பியோ தங்கச்சியோ இருந்தால், மிஞ்சும் காசில் கம்பனிகளில் பாவித்துக் கழித்த டெஸ்க்டொப் ஒன்றை யுபிஎஸ்ஸோடு அவர்களுக்கு எடுத்துக் கொடுங்கள். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத அந்தப் பெட்டி கரண்டையும் குறைவாகவே குடிக்கும்.

லெப்டொப்பைக் கொழும்பில் எடுப்பதாக இருந்தால், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடத்துக்கு உச்சி வெயில் நேரத்தில் போங்கள். ஏசி காற்று படாத மேசையில், சார்ஜரை மாட்டி, முழு வேகத்தில் அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் கிடைத்த ஃபிரேம் எண்ணிக்கையையும் கடைசி ஐந்து நிமிடத்தில் கிடைத்ததையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய சரிவு இருந்தால் அடுத்த மொடலைக் கேளுங்கள்.