கார்னியேவின் படிக்கட்டு

பாரிஸின் பழைய ஓபரா அரங்கில் மேடைக்கு முன்பே கண்ணை இழுப்பது படிக்கட்டுதான். வெள்ளைப் பளிங்குப் படிகள் ஏறிப்போய் இரண்டாகப் பிரிகின்றன. ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கற்கள். ரசிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவென்றே கட்டடக் கலைஞர் சார்ல் கார்னியே அதை இத்தனை விசாலமாக அமைத்தார். 1861இல் அரங்கை வடிவமைப்பதற்கான போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 35. திறப்புவிழா 1875இல்.

அஸ்திவாரம் தோண்டும்போது நீர் ஊறிக்கொண்டே இருந்தது. மனிதர் அசரவில்லை, அடியில் பெரிய தொட்டியே கட்டிவிட்டார்! இன்றும் அதில் தண்ணீர் நிற்கிறது.

உள்ளே அண்ணாந்தால் 1964இல் திறந்த, ஓவியர் ஷாகாலின் வண்ண விதானம். பழைய ஓவியத்தை அழிக்காமல், அதன் கீழே தனிச் சட்டத்தில் பொருத்தியிருக்கிறார்கள். ஷாகால் அழகுதான், ஆனாலும் என் ஓட்டு படிக்கட்டுக்கே.