எப்படி ரசிப்பது: போக்கிமான் திருவிழா

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையோரம் நின்று காவடி பார்க்கும் வெளிநாட்டுப் பயணிக்கு முருகனைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கும்? ஆனாலும் கண் கொட்டாமல் பார்க்கிறார். போக்கிமான் ரசிகர் கூட்டத்தைப் பார்க்கப் போகிறவருக்கும் அந்த அளவு ஞானம் போதும். போனில் ‘போக்கிமான் கோ’ ஆட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சத்தோஷி தஜிரி, அந்தச் சுகத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கும் தர நினைத்துச் செய்த ஆட்டம் போக்கிமான். ஜப்பானில் 1996 பிப்ரவரி 27 அன்று வெளிவந்தது. அதன் 25 ஆண்டு நிறைவுக்காக, அதன் போன் வடிவமான போக்கிமான் கோவில் 2021 பிப்ரவரியில் ‘போக்கிமான் கோ டூர்’ என்ற திருவிழா தொடங்கியது. கொரோனாக் காலம் என்பதால் முதல் முறை அவரவர் ஊரிலேயே ஆடினார்கள். பிறகு அது லாஸ் வேகஸ், லாஸ் ஏஞ்சலிஸ், புது தைப்பே என்று ஊர் ஊராகப் போனது. சிங்கப்பூருக்கு வந்தது அதன் பங்காளியான ‘சஃபாரி ஸோன்’. 2019 ஏப்ரல் 18 முதல் 22 வரை செந்தோசாவில் நடந்தது. 2022 நவம்பரில் கரையோரப் பூந்தோட்டங்களில் மூன்று நாள்.

கூட்டத்துக்குள் போனதும் திரையை எட்டிப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். திரையில் தோன்றும் மிருகத்தைப் பிடிக்க, புதிதாக ஆடுபவர் பந்தை நேராகத் தூக்கிப் போடுவார். கைதேர்ந்தவர் முதலில் பந்தைச் சுழற்றுவார், மிருகம் ஒருமுறை சீறி முடிக்கும் வரை காத்திருப்பார், அது அடங்கும் நொடியில் வளைத்து எறிவார். அறுபது வயது அங்கிள் ஒருவர் சைக்கிள் கைப்பிடியில் இரண்டு மூன்று போன்களை மாட்டிக்கொண்டு இதையே மாற்றி மாற்றிச் செய்வது சிங்கப்பூரில் அதிசயக் காட்சியல்ல. 2016 ஆகஸ்ட் 6 அன்று போக்கிமான் கோ இங்கே அறிமுகமானபோது ஹவ்காங் புளோக் 401-ஐச் சுற்றி இரவெல்லாம் கூட்டம் மொய்த்தது; அக்கம்பக்கத்தார் நொந்துபோனார்கள். அன்று திட்டிய தலைமுறையில் சிலர்தான் இன்று சைக்கிளில் சுற்றுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

அடுத்தது கைமாற்றுவது. என் கணக்கில் திருவிழாவின் உயிரே இதுதான். போக்கிமான் ஒவ்வொன்றிலும் அது பிடிபட்ட இடம் பதிவாகியிருக்கும். 100 கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளியுள்ள இரண்டு இடங்களில் பிடித்தவற்றை மாற்றிக்கொண்டால்தான், போக்கிமானை வளர்க்க உதவும் ‘கேண்டி’ அதிகபட்சமாகக் கிடைக்கும். நம் தீவோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுமார் 50 கிலோமீட்டர்தான். ஈசூன்காரரும் ஜூரோங்காரரும் உள்ளூரில் பிடித்ததை எத்தனை முறை மாற்றினாலும் அந்த லாபம் வராது. அதனால்தான் பெட்டியோடு வந்து இறங்கும் வெளியூர்க்காரருக்கு இவ்வளவு வரவேற்பு. அவருக்கும் இங்கே ஒரு தேவை உண்டு: பவள உருவில் இருக்கும் கோர்சோலா வெப்பமண்டலத்தில்தான் தென்படும். நாம் ஏறிட்டும் பார்க்காத அந்தக் கோர்சோலாவுக்காக ஐரோப்பாக்காரர் ஏங்குவார். மொழி தெரியாத இருவர் போனை நீட்டிக்காட்டி, தலையாட்டி, விரல்விட்டு எண்ணிப் பேரம் முடிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நேரம் போவதே தெரியாது.

திருவிழா இல்லாத நாளிலும் ரசிக்க லிட்டில் இந்தியா போதும். ஆட்டத்தின் ‘போக்கிஸ்டாப்’ நிறுத்தங்களில் பல, அதற்கு முந்தைய இன்கிரஸ் ஆட்டத்தின் ரசிகர்கள் படமெடுத்துப் பரிந்துரைத்தவை. சிலை, சுவரோவியம், பழைய கட்டடம் என்று யாரோ ஒருவர் கண்ணுக்கு அழகாகப் பட்டவை அவை. ஆக, ஆட்டத்தின் வரைபடத்தை வேற்று மனிதர்கள் போட்ட ஊர்க்குறிப்பாகவும் படிக்கலாம். அதை வைத்துக்கொண்டு பெலிலியோஸ் சந்துக்குப் போங்கள். லிட்டில் இந்தியாவின் பழைய தொழில்களை 2016-இல் ஓர் ஓவியர் சுவர் நிறைய வரைந்திருக்கிறார். கிளி ஜோசியரும் பூக்கட்டுபவரும் இருக்கிறார்கள். கூண்டுக்குள் இருக்கும் சிறு பிராணியை வெளியே விட்டு வேலை வாங்கும் கலையில் கிளி ஜோசியர் போக்கிமான் பயிற்சியாளர்களுக்கெல்லாம் மூத்தவர்!

நிறுத்தங்களில் சில சமயம் ‘கிஃப்ட்’ கிடைக்கும். அதில் அந்த இடத்தின் படமும் பெயரும் இருக்கும். சென்னையிலோ ஈப்போவிலோ ஆடும் சொந்தக்காரருக்கு அனுப்பினால் அஞ்சலட்டை போலப் போய்ச் சேரும். அதனால் கண்டதை அனுப்பாமல், படம் பார்த்துப் பொறுக்கி அனுப்புங்கள்.

கேமராவில் தெரியும் நிஜத் தெருவில் மிருகத்தை நிற்கவைக்கும் ஏஆர் வசதியை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அணைத்தே வைப்பார்கள்; பேட்டரியைத் தின்னும், குறியும் தவறும். கெர்பாவ் சாலைக்கு வந்ததும் மட்டும் அதைத் திறங்கள். 1900-இல் கட்டிய டான் டெங் நியா வீட்டின் வண்ண வண்ணக் கதவுகளுக்கு முன்னால் பிக்காச்சுவை நிறுத்தி ஒரு படம் எடுக்கலாம். ஞாயிறு மாலை வேண்டாம். வெளிநாட்டு ஊழியர்கள் வாரம் முழுக்கக் காத்திருந்து நண்பர்களைச் சந்திக்கும் நேரம் அது, நடைபாதையில் குனிந்த தலைக்கு இடமிருக்காது. வார நாளில், நாலு மணிவாக்கில், பவர்பேங்க்கும் குடையுமாகப் போங்கள்.