காலில் தொடங்கும் குதிரை

அய்யனாரின் மண்குதிரைக்குக் கால்கள்தான் ஆரம்பம். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, நான்கு கால்களையும் உள்கூடான குழாய்களாக நிறுத்துகிறார் மண்பாண்டக் கலைஞரான வேளார். அவை இறுகிய பிறகே வயிறு. அப்புறம் மார்பு, கழுத்து, தலை. அவசரப்பட்டால் மேல்பாரத்தில் கீழ்மண் நசுங்கிவிடும். உள்ளே ஒரு கையை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்கும் அந்த லாகவம் பார்க்கச் சலிக்காதது. சூளையில் உமி எரிந்து விட்டுப்போகும் நுண்துளைகள், மண் வெடிக்காமல் காக்கின்றன.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஊரார் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுத்து ஒப்படைத்த பிறகே வேலை தொடங்கும். குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்பின்போதுதான் கண் திறப்பு. பிதுங்கிய விழி, விரிந்த நாசி, கழுத்துமணி எல்லாம் இரவில் ஊர்காக்கும் தெய்வத்தின் வாகனத்துக்கு உரியவை; லாயத்துக் குதிரையின் சாயல் இங்கே தேவையில்லை.

புதுச்சேரி வில்லியனூரில் இதே சுடுமண் நுணுக்கமான சிற்றுருவங்களாகிறது. அந்தக் கலைக்காக வி.கே.முனுசாமி 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். மகிழ்ச்சியான செய்தி. கோயில் குதிரை செய்யும் வேளார்களுக்கும் அந்த மரியாதை சேர வேண்டும்.

படப்பைக்காரர்கள் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காட்டுக்குப் போனால், 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் அய்யனாரையும் குதிரைகளையும் அருகில் நின்று பார்க்கலாம்.