சிப்பி வாடை

கொரட்டூரில் கடைசி மின்சார ரயிலின் சத்தமும் அடங்கிய பிறகு, நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தொடர் ‘டிப்பிங் தி வெல்வெட்’. சாரா வாட்டர்ஸின் 1998 நாவலை 2002-இல் பிபிசி மூன்று பகுதிகளாக எடுத்தது. விக்டோரியா காலத்து விட்ஸ்டபிள் கடற்கரையில் சிப்பி உடைக்கும் நான்சி, ஆண் வேடமிட்டுப் பாடும் கிட்டியிடம் மனதைப் பறிகொடுக்கிறாள்.

அந்த வேடம் நமக்குப் புதிதல்ல. ராஜபார்ட்டாக மேடையேறிய கே.பி.சுந்தராம்பாள், 1935-இல் திரையில் நந்தனாராகவே வாழ்ந்தவர். ஆனால் ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிப்பதை இத்தனை கனிவாகச் சொன்ன தொடர்கள் அபூர்வம்.

தன் கையில் சிப்பி வாடை வீசுமே என்று நான்சி கூசுகிறாள். கிட்டியோ அந்தக் கையை வாஞ்சையோடு பற்றுகிறாள். உழைத்த கையின் வாடையை ஒருத்தி விரும்பும் அந்தக் கணத்தில் காதல் முழுமையாகிவிடுகிறது.